ஐந்து மா நஞ்சையும் ஒரு முதுகலைப் பட்டமும்

கேள்வி: நான் திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்துப் பெண். வயது 27. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மூன்று ஆண்டுகளாகத் துணை சுகாதார நிலையம் ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கிறேன். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, அதாவது எம்.பி.எச்., படிக்க ஆசை. பிரிட்டனில் ஓராண்டுப் படிப்பு, எல்லாச் செலவும் சேர்த்து 28 லட்சம், முடித்ததும் அங்கேயே ஆஸ்பத்திரி வேலை என்று தஞ்சாவூரில் ஒரு ஏஜென்சியில் சொல்கிறார்கள். அப்பா ஐந்து மா நஞ்சையை விற்கத் தயாராகிவிட்டார். சம்பா நடவுக்கு முன் பத்திரம் முடித்துவிடலாம் என்கிறார். அண்ணனோ எம்.எஸ்சி. நர்சிங் படித்தால் கல்லூரியில் ஆசிரியர் ஆகலாம் என்கிறான். பிளஸ் டூவில் நான் கணக்குப் பாடம் எடுக்கவில்லை. புள்ளியியல் வருமா என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நிலத்தைப் பற்றி இரண்டே வரிதான் இருக்கிறது. ஆனாலும் அங்கிருந்தே தொடங்குகிறேன். படிப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. பத்திரத்துக்குத்தான் நாள் குறித்திருக்கிறீர்கள்.

நிலத்தை இப்போது விற்க வேண்டாம். பிரிட்டன் படிப்பு மட்டமானது என்பதற்காகச் சொல்லவில்லை. லண்டனில் 1899-இல் தொடங்கிய சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளி இன்றும் இந்தத் துறையில் உலகின் முதல் வரிசையில் நிற்கிறது. ஏஜென்சி உங்களுக்குச் சொன்ன வாக்குறுதியில்தான் ஓட்டை இருக்கிறது. அங்கே ஆஸ்பத்திரியில் செவிலியராக வேலை பார்க்க வேண்டுமானால் அந்த நாட்டுச் செவிலியர் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கு ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, நேரில் செய்துகாட்டும் செய்முறைத் தேர்வு என்று தனிப்பாதை இருக்கிறது. எம்.பி.எச். பட்டம் அந்தப் பதிவைத் தராது. பதிவு வேண்டுமென்றால் எம்.பி.எச். இல்லாமலே, இங்கே வேலை பார்த்துக்கொண்டே முதல் இரண்டு தேர்வுகளையும் எழுதலாம். இரண்டு வெவ்வேறு பஸ்களுக்கு ஒரே டிக்கெட்டைக் காட்டி உங்களிடம் பணம் கேட்கிறார்கள்.

படிக்கும்போதே வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என்றும் சொல்லியிருப்பார்கள். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே, அந்நாட்டு மருத்துவ சேவைக்கென்று ஆண்டுக்கு 776 பவுண்டு தனியாகக் கட்ட வேண்டும். அது 28 லட்சத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டவுடன் குரல் மாறினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நிலத்தை விற்காமல் வங்கியில் வைக்கலாமே என்று அப்பா கேட்கக்கூடும். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் சாதாரணமாகச் சொத்துப் பிணை கேட்கும். ஆனால் நஞ்சையைப் பிணையாக ஏற்கப் பெரும்பாலும் தயங்கும். கடனை மீட்க வங்கிக்கு நேரடி அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்பதுதான் காரணம். அதனால்தான் நம் பக்கத்தில் படிப்பு என்றதும் பேச்சு அடமானத்தில் நிற்காமல் நேரே கிரயத்துக்குப் போய்விடுகிறது. ஐந்து மா என்றால் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். கடைமடையில் அவ்வளவு நிலத்தைத் திரும்ப வாங்குவது எப்படிப்பட்ட காரியம் என்று உங்கள் அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி படிப்புக்கு வருகிறேன். இது என்ன படிப்பு என்பதை எந்த ஏஜென்சியும் சொல்லியிருக்காது. நான் தெரிந்துகொண்டதே ஒரு தப்பைச் செய்த பிறகுதான்.

எம்.பி.பி.எஸ். முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த புதிது. வெண்ணாற்றங்கரையில் ஒரு ஊர். ஒரே தெருவில் இரண்டு நாளில் பத்துப் பதினைந்து பேருக்கு வாந்திபேதி. மூன்று நாள் முன்பு அந்தத் தெருவில் ஒரு கல்யாணம் நடந்திருந்தது. படுத்திருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தேன். ஏறக்குறைய எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். பிறகென்ன, சமையல்காரரை வரவழைத்து ஊருக்கு நடுவில் நிற்கவைத்துச் சத்தம் போட்டேன். அவர் எழுபது வயதுக்காரர். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடு ஜீப்பில் ஏறினேன். மறுநாள் இன்னும் ஆறு பேர் படுத்தார்கள்.

என்னோடு வந்த சுகாதார ஆய்வாளர் அதிகம் பேசாதவர். "சார், அந்தத் தெருவிலேயே ஒரு பங்காளி வீடு இருக்கிறது. கல்யாண வீட்டுக்காரர்களோடு பத்து வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. பந்திப் பக்கமே போகவில்லை. அந்த வீட்டிலும் இரண்டு பிள்ளைகளுக்குப் போகிறது" என்றார். பிறகுதான் யோசித்தேன். தெரு முழுக்கவே கல்யாணத்தில் சாப்பிட்டிருந்தது. அதனால் நோயாளி யாரைக் கேட்டாலும் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார். வெளியூரிலிருந்து வந்து அதே பந்தியில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறியவர்கள் நன்றாக இருந்தார்கள். தெருவின் மேற்குக் கோடியில், சொந்தக் கைப்பம்புத் தண்ணீர் குடித்தவர்களும் நன்றாக இருந்தார்கள். குடிநீர்க் குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்தில் தோண்டிப் பார்த்தால், இணைப்பில் விரல் நுழையும் அளவு விரிசல். குழாயை மாற்றினார்கள், தொட்டிக்குக் குளோரின் போட்டார்கள், நோய் நின்றது. சமையல்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் அவருக்கு ஆவணி முகூர்த்தம் இரண்டு கைவிட்டுப் போயிருந்தது.

நோய் வந்தவரைக் கவனிப்பது மருத்துவம். அதை நீங்களும் நானும் கல்லூரியில் படித்தோம். நோய் வராதவர் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்களுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்கச் சொல்லித்தருவது இந்தப் படிப்பு. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ செய்ததும் இதுதான். அடிபம்பைச் சுற்றிச் செத்தவர்களைக் கணக்கெடுத்ததோடு அவர் நிற்கவில்லை. அதே தெருவில் இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் ஏன் சாகவில்லை என்றும் கேட்டார். அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைத் தொடவே இல்லை. இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலையில் நம் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கும் வரை போயிற்று.

இந்தப் படிப்புக்கு நான் போனபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. வகுப்பில் முதல் மாதமே அந்த வெண்ணாற்றங்கரைத் தெருவைக் கரும்பலகையில் பார்த்தேன். நாலு கட்டம் போட்டார்கள். அதை உங்களுக்கும் சொல்கிறேன், கணக்குப் பயம் பாதி அதிலேயே போய்விடும்.

உதாரணத்துக்குத் தெருவில் 100 பேர், அதில் 25 பேருக்கு நோய் என்று வையுங்கள். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் 80 பேர். அவர்களில் 20 பேருக்கு நோய். சாப்பிடாதவர்கள் 20 பேர். அவர்களில் 5 பேருக்கு நோய். இரண்டு பக்கமும் நூற்றுக்கு 25. ஆக, சாப்பாடு குற்றவாளி அல்ல. இதே 100 பேரைத் தண்ணீரை வைத்துப் பிரியுங்கள். குழாய்த் தண்ணீர் குடித்த 50 பேரில் 24 பேருக்கு நோய், குடிக்காத 50 பேரில் ஒருவருக்கு. ஒரு பக்கம் நூற்றுக்கு 48, மறுபக்கம் 2. இருபத்து நான்கு மடங்கு. அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு விழுக்காடு தெரிந்தால் போதும். நோயாளிகளை மட்டும் எண்ணிய நான், 25 பேரில் 20 பேர் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் என்று பார்த்து ஏமாந்தேன். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று படித்திருப்பீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தொகுதிதான் வந்து சேரும். பகுதி ஊருக்குள் இருக்கிறது.

இதற்கு மேலே வரும் புள்ளியியலில் சிரமமான இடங்கள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். பெருக்கல் வகுத்தலை மென்பொருள் செய்துவிடும். எந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கு என்று தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் வேலை, அது களம் தெரிந்தவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். என்னோடு படித்த கணிதப் பட்டதாரி ஒருவர் சூத்திரங்களை மனப்பாடமாகச் சொல்வார், ஒரு வீட்டில் போய், "கழிப்பறை யார் யார் பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்க அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திண்ணை திண்ணையாக ஏறி இறங்கும் உங்களுக்கு அந்தக் கூச்சம் போய் மூன்று வருடம் ஆகியிருக்கும்.

சரி, எங்கே படிப்பது? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் 1997 முதல் எம்.பி.எச். நடக்கிறது. மருத்துவர்களை மட்டும் வைத்து நடத்தாமல் பல துறையினரையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பது அங்குள்ள சிறப்பு. நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். புதுச்சேரி ஜிப்மரில் எம்.பி.எச். இருக்கிறது. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் களப் புலனாய்வுக்குப் பெயர் போனது. மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம், நோயைச் சாதி, கூலி, பெண் நிலை இவற்றோடு சேர்த்துப் பார்க்கப் பழக்கும். உங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பக்கத்தில், திருவாரூர் நீலக்குடியில், தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் தொற்றுநோயியல், பொதுச் சுகாதாரத் துறை இயங்குகிறது. காலையில் பஸ் ஏறிப் போய் நேரில் விசாரித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கேட்டால் காசு பிடுங்கவும் மாட்டார்கள். செவிலியப் பட்டதாரிக்கு என்ன தகுதி, எத்தனை வருட அனுபவம் என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் நீங்களே படியுங்கள். யார் வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டாம், என்னுடையதையும் சேர்த்து.

(விலங்கியல் படித்த வாசகர்கள் சிலரும் இதே கேள்வியை எழுதியிருக்கிறார்கள். புதுச்சேரியில் உள்ள நோய்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் எம்.எஸ்சி.யைப் பாருங்கள். சாக்கடைக் கொசுவால் வந்த யானைக்காலுக்குக் கும்பகோணம் எத்தனை தலைமுறையாகப் பெயர் கேட்டது என்பது நமக்குத் தெரியும். கிருமி இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும் என்பதால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு தெருத்தெருவாக விரல் குத்தி ரத்தம் எடுத்த ஆட்கள் நாங்கள். கொசுவைத் தெரிந்தவர்களுக்கு டெல்டாவில் வேலை தீராது.)

அண்ணன் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். அவன் வேலையைப் பற்றிப் பேசுகிறான், அதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமே உண்டு. 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. ஆனால் அந்தத் துறையில் சுகாதார அலுவலர், துணை இயக்குநர் என்று போகும் ஏணி எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கானது. செவிலியர் எம்.பி.எச். முடித்தாலும் அந்த ஏணியில் கால் வைக்க முடியாது. எம்.பி.எச்.சுக்குத் திறந்திருப்பவை பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள்: தேசிய நலவாழ்வுக் குழுமத் திட்டங்களில் ஒருங்கிணைப்பாளர், மாவட்ட அளவில் நோய்க் கண்காணிப்பு, ஆராய்ச்சி நிறுவனங்களின் திட்டப் பணி, தொண்டு நிறுவனங்கள். அவற்றிலும் பல விளம்பரங்களில் மருத்துவப் பட்டதாரிக்கு முன்னுரிமை என்று ஒரு வரி இருக்கும்; படிக்கும்போது எரிச்சல் வரும், எனக்கே வரும். எம்.எஸ்சி. நர்சிங்கோ செவிலியக் கல்லூரிக்கு நேர் வழி. நாற்பது வயதில் ஒரே ஊரில் நிலையான சம்பளம் வேண்டுமென்றால் அண்ணன் சொல்வதுதான் சரி. அதிலேயே சமுதாய நலச் செவிலியம் என்ற பிரிவும் இருக்கிறது, அதை எடுத்தால் ஆசையும் முழுதாகக் கைவிட்டுப் போகாது.

இரண்டில் எது உங்களுக்கு என்பதை நான் முடிவு செய்ய முடியாது. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், இதற்குச் செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை வாங்குவோரின் பட்டியல் உங்கள் நிலையத்தில் இருக்கும். ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேர் என்பது கணக்கு. நான் மேலே சொன்ன பகுதி எண் உங்கள் மேஜை மேலேயே கிடக்கிறது. லண்டனில் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது கிடைக்காது. உங்கள் மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். என் மனதில் தோன்றுவது இது: நடவு மாதத்திலும் அறுப்பு மாதத்திலும் மாத்திரையை விட்டுவிடுபவர்கள் யார்? கூலிக்குப் போகும் பெண்களா, தனியாக இருக்கும் கிழவர்களா, திருப்பூருக்குப் பஸ் ஏறியவர்களா? விடாதவர்களையும் எண்ணுங்கள். அவர்களிடம் ஏன் விடவில்லை என்று கேளுங்கள். யாருடைய பெயரும் ஆதார் எண்ணும் உங்கள் நோட்டில் ஏறக்கூடாது. இது உங்கள் சொந்தப் புரிதலுக்கு, வெளியிடுவதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும்.

மூன்று மாதம் இதைச் செய்து பாருங்கள். கூடவே, தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ச்சி அடிப்படைகளைப் பற்றி மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையக் கல்வித் தளத்தில் நடத்தும் பாடத்தைக் கேளுங்கள், கேட்பதற்குக் கட்டணம் இல்லை. இரவு பத்து மணிக்கு அந்த நோட்டைத் திறக்கும்போது உங்களுக்கு ஆர்வம் வருகிறதா, தூக்கம் வருகிறதா என்று பாருங்கள். தூக்கம் வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அண்ணன் காட்டும் வழியில் போங்கள். ஆர்வம் வந்தால் விண்ணப்பத்துக்கு வேண்டிய சரக்கு கையில் வந்துவிட்டது. நேர்முகத் தேர்வுக் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். "சிறு வயதிலிருந்தே மக்கள் சேவையில் நாட்டம்" என்று தொடங்கும் கட்டுரையை முதல் வரியிலேயே மூடிவைத்துவிடத் தோன்றும். ஏஜென்சிகள் எல்லோருக்கும் அதைத்தான் எழுதிக் கொடுக்கின்றன. "தாளடி நடவில் என் ஊரில் மாத்திரை நின்றுபோகிறது, காரணம் தேடுகிறேன்" என்று எழுதிய பெண்ணை யாரும் ஐந்து நிமிடத்தில் அனுப்ப மாட்டார்கள்.

அதற்குப் பிறகும் பிரிட்டன்தான் வேண்டுமென்றால், நிலத்தைத் தொடாமல் போகும் வழிகள் உண்டு. அந்நாட்டு அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும், உங்களுக்கு அது இருக்கிறது. கல்விக் கட்டணம், தங்கும் செலவு, விமானம் எல்லாம் அவர்களே தருவார்கள். படித்து முடித்து இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகஸ்ட் வாக்கில் விண்ணப்பம் திறக்கும். போட்டி கடுமை, ஒரு முறை தவறினால் மறு ஆண்டும் போடலாம். பட்டியல் இனத்தவருக்கும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் உங்கள் தெருவில் யாருக்காவது பொருந்தும், சொல்லிவையுங்கள்.

ஏஜென்சிக்கு முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அசல் சான்றிதழ் எதையாவது வாங்கி வைத்திருந்தால் இந்த வாரமே போய்த் திரும்ப வாங்குங்கள். தனியாகப் போக வேண்டாம், அண்ணனைக் கூட்டிப் போங்கள். அப்பாவிடம் பத்திரத்தை நிறுத்திவிட்டு நாற்றங்காலுக்கு விதை வாங்கச் சொல்லுங்கள்.